குண்டை எறியக் கூடாது

கடலூர் அண்ணா விளையாட்டரங்கிலோ புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கிலோ மாலை ஐந்து மணிக்குப் போய் நின்றால், காதில் விழுவதில் பாதி ஆங்கிலம்தான். பவுல், சான்ஸ், ரவுண்டு, ட்ராக், ஷார்ட் புட். பிள்ளைகள் தடுமாறாமல் சொல்கிறார்கள். ஆனால் இந்தச் சொற்கள் பலவற்றுக்குள் விதியே ஒளிந்திருக்கிறது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் நடுவர் ஏன் சிவப்புக் கொடி தூக்கினார் என்பது தானாகப் புரியும்.

முதலில் குண்டு எறிதலின் பெயர், பிள்ளைகள் வாயில் 'ஷார்ட் புட்'. 'ஷார்ட்' என்றால் குட்டை. அதற்கும் இந்தப் போட்டிக்கும் சம்பந்தமில்லை. சரியான சொல் 'ஷாட்', அதாவது பீரங்கிக் குண்டு. ஆண்கள் குண்டின் எடை 7.26 கிலோ என்று விசித்திரமாக இருப்பதும் பழைய கணக்கால்தான்: அது 16 பவுண்டு. 'குண்டு' என்று தமிழில் பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்தார். கோளாறு வினைச்சொல்லில். ஆங்கிலத்தில் வட்டும் ஈட்டியும் சம்மட்டியும் 'த்ரோ'; குண்டு மட்டும் 'புட்'. இங்கே புட் என்றால் தோளிலிருந்து தள்ளுவது. நாம் நான்கையும் 'எறிதல்' என்று ஒரே கூடையில் போட்டுவிட்டோம். புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. அந்த மொழியில் இது 'லான்சே ட்யூ ப்வா', அதாவது எடையை எறிதல்.

விதி 'புட்' பக்கம் நிற்கிறது. ஒரு கையால் மட்டுமே தள்ள வேண்டும். தொடங்கும்போது குண்டு கழுத்தையோ தாடையையோ தொட்டபடி, அல்லது மிக அருகில் இருக்க வேண்டும். பிறகு கை அந்த இடத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. தோள்களின் கோட்டுக்குப் பின்னாலும் குண்டு போகக் கூடாது. கிரிக்கெட் பந்து வீசிப் பழகிய பையன் செய்யும் முதல் தவறு முழங்கையைக் கீழே தொங்கவிடுவது. முழங்கை குண்டுக்குப் பின்னால் இல்லாமல் அதற்கு முன்னே ஓடினால் அது எறிதல் ஆகிவிடுகிறது. தூரம் குறையும், பவுல் (செல்லாத முயற்சி) ஆகலாம், மறுநாள் முழங்கையின் உள்பக்கம் வலிக்கும். பயிற்சியாளர் 'எல்போ அப்' என்று கத்துவது இதற்காகத்தான்.

'க்ரிப்' என்பது பிடி. குண்டு உள்ளங்கையில் உட்காரக் கூடாது. விரல்களின் அடிப்பகுதியில் இருக்க வேண்டும். நடு மூன்று விரல்கள் பின்னால், கட்டைவிரலும் சுண்டுவிரலும் பக்கத்துக்கு ஒன்றாகத் தாங்க. உள்ளங்கையில் வைத்தால் கடைசி நொடியில் மணிக்கட்டும் விரலும் கொடுக்கும் 'ஃப்ளிக்' (சுண்டிவிடும் விசை) கிடைக்காது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் கை வழுக்கும். கைக்குச் சுண்ணப்பொடி போடலாம், கையுறை போடக் கூடாது.

கடைக்குப் போனால் 'ஷாட்புட் பால்' என்று கேட்க வேண்டாம், 'நாலு கிலோ ஷாட்' போதும். பெண்களுக்கு 4 கிலோ. 20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 6. 18 வயதுக்குட்பட்ட பிரிவில் ஆண்களுக்கு 5, பெண்களுக்கு 3. பள்ளிப் போட்டியின் வயதுப் பிரிவு வேறாக இருக்கலாம், சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உப்புக் காற்றில் இரும்புக் குண்டு துருப்பிடிக்கும். துருவைச் சுரண்டச் சுரண்ட எடை குறையும். போட்டிக்கு முன் நடக்கும் எடைச் சோதனையில் ஒரு கிராம் குறைந்தாலும் வெளியேதான். கூடுதலாக இருந்தால் எடைக்காகத் தடுக்க மாட்டார்கள்.

வட்டம் 'சர்க்கிள்'. உள்விட்டம் 2.135 மீட்டர், சுற்றிலும் இரும்பு 'ரிம்', முன்னால் 10 சென்டிமீட்டர் உயரத்தில் வெள்ளை மரக்கட்டை. அதன் பெயர் 'ஸ்டாப் போர்டு'. காலை நிறுத்தத்தான் அந்தக் கட்டை. அதன் உள்பக்கச் சுவரில் கால் முட்டி நிற்கலாம், தவறே இல்லை. மேல்பரப்பில் பட்டால் பவுல். இரும்பு ரிம்முக்கும் அதே கணக்குதான். பயந்து கட்டைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு சாணைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு பவுல், தள்ளி முடித்த மகிழ்ச்சியில் முன்பக்கமாக இறங்கிவிடுவது. குண்டு தரையில் விழும்வரை உள்ளே இருக்க வேண்டும். விழுந்த பிறகு பின்பாதி வழியாக வெளியேற வேண்டும். வட்டத்தின் இருபுறமும் நீளும் வெள்ளைக் கோடுகள் அந்தப் பாதியைக் காட்டத்தான்.

குண்டு விழ வேண்டிய பகுதி 'செக்டர்', 34.92 டிகிரி. மைதானத்தில் கோணமானியோடு அலைய வேண்டாம். வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீட்டர் தூரத்தில் இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி 12 மீட்டர் வந்தால் சரி. கோட்டின் மேல் விழுந்தாலும் பவுல்தான்.

அளக்கும்போது நாடாவின் பூஜ்யம் குண்டு பதிந்த குழியில் வட்டத்துக்கு அருகிலுள்ள விளிம்பில்; மறுமுனையை மையத்தின் வழியாக இழுத்து, ஸ்டாப் போர்டின் உள்விளிம்பில் படிக்க வேண்டும். மையத்தைத் தொடாமல் சாய்வாக இழுத்தால் அளவு பிசகும். நாடா 12.347 காட்டினால் எழுதுவது 12.34, மேலே ஏற்றுவது கிடையாது.

தள்ளும் முறை இரண்டு: 'க்ளைட்', 'ரொடேஷன்' (சுழன்று தள்ளுவது). க்ளைட் என்றால் வழுக்கிச் செல்வது. முதுகைச் செக்டருக்குக் காட்டி நின்று, வலது காலைத் தரையோடு இழுத்து வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவருவது. பெயரைக் கேட்டும் தவளை மாதிரி குதிப்பார்கள். உயரத் துள்ளினால் கீழே இறங்கும்போது வேகம் செத்துவிடும். வந்து நிற்கும் நிலை 'பவர் பொசிஷன்': எடை வலது காலில், வலது குதிகாலும் இடது கால்விரலும் ஒரே நேர்க்கோட்டில். அடுத்தது 'ப்ளாக்', இடது பக்கத்தை இறுக்கி நிறுத்துவது. வண்டி சட்டென்று நின்றால் பயணி முன்னால் பாய்வதுபோல் குண்டு பாயும். குண்டு கையை விட்ட பின் கால் மாற்றுவது 'ரிவர்ஸ்'. அதை முன்கூட்டியே செய்தால் தரையில் கால் இல்லாமல் தள்ளுவீர்கள். விடும் கோணம் 45 டிகிரி என்று இயற்பியல் பாடத்தை வைத்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். குண்டு தோளுக்கு மேலிருந்து கிளம்புகிறது. தாழ்ந்த கோணத்தில் உடல் அதிக வேகமும் கொடுக்கிறது. நல்ல வீரர்கள் 35 முதல் 40-க்குள்தான் விடுகிறார்கள். தூரத்தை ஒப்பிட்டுப் பார்க்க: இந்திய வீரர் தஜிந்தர்பால் சிங் தூர் 2023-இல் புவனேஸ்வரில் தள்ளியது 21.77 மீட்டர், அதே ஆண்டு அமெரிக்காவின் ரயன் க்ரௌஸர் வைத்த உலக சாதனை 23.56.

ஓட்டத்துக்கு வந்தால் பெரிய குழப்பம் இரண்டு. 'நான் மூணாவது ட்ராக்' என்கிறார்கள்; ட்ராக் என்பது 400 மீட்டர் முழுப் பாதை, அவர்கள் ஓடுவது 1.22 மீட்டர் அகல 'லேன்'. 'நாலு ரவுண்டு ஓடினேன்' என்பதும் அப்படியே. சுற்றுக்கு 'லேப்' என்று பெயர். போட்டியில் ரவுண்டு என்றால் தகுதிச் சுற்று, அரையிறுதி போன்ற கட்டம். தகுதிச் சுற்றின் தனித்தனி ஓட்டம் 'ஹீட்'.

400 மீட்டர் வரை தொடக்கக் கட்டளை 'ஆன் யுவர் மார்க்ஸ்', 'செட்', பிறகு துப்பாக்கி. அதற்கு மேல் 'செட்' கிடையாது. 800 ஓடுபவர் அதற்காகக் காத்திருந்தால் பின்தங்குவார். தொடர் ஓட்டத்தில் தடி கை மாறும் பகுதியான 'டேக்ஓவர் ஸோன்' 4x100-க்கு 30 மீட்டர். அங்கே பார்ப்பது தடி எங்கே இருக்கிறது என்பதை; ஓடுபவரின் கால் எங்கே என்பது கணக்கில்லை. பிரெஞ்சில் அந்தத் தடிக்கு 'தெமுவான்', சாட்சி என்று பெயர். பொருத்தமான பெயர்.

முடிவுப் பட்டியலில் டிஎன்எஸ் என்றால் ஓட வரவில்லை, டிஎன்எஃப் என்றால் ஓடி முடிக்கவில்லை, டிக்யூ என்றால் நீக்கம். என்எம் என்பது எல்லா முயற்சியும் பவுல், அளவே இல்லை. பெரிய க்யூ, இடத்தால் அடுத்த சுற்றுக்குத் தேர்வு. சின்ன க்யூ, நேரத்தால் தேர்வு. சின்னதைப் பார்த்துவிட்டுத் தேர்வாகவில்லை என்று பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய்விடாதீர்கள்.

சான்றிதழ் கையில் வாங்கியதும் போட்டியின் பெயரைப் படியுங்கள். 'ஷார்ட் புட்' என்று அச்சாகியிருந்தால் அங்கேயே, முத்திரை வைத்திருப்பவர் கிளம்புவதற்கு முன், திருத்தி வாங்கிவிடுங்கள்.