புஷ் குடும்பத்துக் கல்லறை: சில நாட்குறிப்புகள்

மார்ச் 22, 2025, சனி

டம்வாட்டருக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது, ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு இன்றைக்குத்தான் போனேன். வாஷிங்டன் மாநிலத்துக்கே உரிய அந்தப் பிசுபிசுத் தூறல். ஜார்ஜ் புஷ்ஷின் (அமெரிக்க அதிபர் புஷ் இல்லை, 1845-இல் இந்தப் பக்கம் குடியேறிய விவசாயி) கல்லைத் தேடி நடந்தபோது வேறு யாருடையதோ ஒரு கல்லின் முன்னால் நின்றுவிட்டேன், எழுத்துப் பள்ளங்கள் முழுக்கப் பாசி. சுரண்டினால் பழைய கல் பொரிந்துவிடும் என்பதால் விரலால் தடவித் தடவி, குழந்தை எழுத்துக் கூட்டுவது போலப் படித்தேன். அப்புறம் புஷ் குடும்பம் இருக்கும் இடம். அவரும் மனைவி இசபெல்லாவும் இங்கேதான் இருக்கிறார்கள். ரொம்ப நேரம் நின்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

அவர் ஏன் இந்த ஊருக்கு வந்தார் என்பதை எழுதி வைக்க வேண்டும். புஷ் கறுப்பினத்தவர், மிசௌரியில் வசதியாக இருந்தவர். 1844-இல் மனைவி, மகன்கள், நண்பர் மைக்கேல் சிம்மன்ஸ் குடும்பம், இன்னும் சிலரோடு மாட்டு வண்டிகளில், குடியேறிகள் மேற்கே ஆரிகன் பகுதிக்குப் போன ஆரிகன் பாதையில் கிளம்பினார். அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தால், அங்கிருந்த தற்காலிக அரசு அந்த வருஷம்தான் ஒரு சட்டம் போட்டிருக்கிறது: அடிமை முறை கூடாது, ஆனால் கறுப்பர்களும் இங்கே தங்கக்கூடாது, தங்கினால் சவுக்கடி. ஒரே சட்டத்தில் இரண்டும்! யாரையும் அடிப்பதற்கு முன்பே அது ரத்தானது, ஆனால் அந்தக் குளிர்காலத்தைக் கொலம்பியா ஆற்றோரம் கழித்தவர்களுக்கு அது தலைக்கு மேல் தொங்கிய கத்திதான். அதனால் ஆற்றுக்கு வடக்கே, அந்தச் சட்டத்தின் கை எட்டாத பக்கம் போனார்கள். சிம்மன்ஸும் மற்றவர்களும் அவரை விட்டுவிட்டுத் தெற்கே தங்கிவிடவில்லை, கூடவே வந்தார்கள். 1845-இல் இங்கே வந்து சேர்ந்தார்கள். புஷ் உழுத புல்வெளிக்கு இன்றும் புஷ் ப்ரேரி என்றுதான் பெயர்.

மார்ச் 29, சனி

மறுபடி போனேன், இன்று வெயில்.

1852-இல் இந்தப் பக்கம் தானியத்துக்குப் பெரிய தட்டுப்பாடு. வியாபாரிகள் நல்ல விலை தருவதாக வந்து நின்றார்கள். புஷ் விற்கவில்லை. புதிதாக வந்த குடும்பங்களுக்குச் சாப்பிடவும் விதைக்கவும் வேண்டும் என்று வைத்திருந்து கொடுத்தார். விதைநெல்லை எடுத்துக் கொடுப்பது என்றால் என்ன என்று விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்குத் தெரியும்.

அப்படிக் கொடுத்தவருக்கு அந்த நிலம் சட்டப்படி சொந்தமில்லை. குடியேறிகளுக்கு இலவசமாக நிலம் கொடுத்த 1850-இன் நிலக்கொடைச் சட்டம் கறுப்பர்களுக்குப் பொருந்தாது. அக்கம்பக்கத்தார் சும்மா இருக்கவில்லை, புதிய வாஷிங்டன் பிரதேசத்தின் சட்டமன்றமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு மனு அனுப்பியது, 1855 பிப்ரவரியில் அவருக்கென்றே ஒரு தனிச் சட்டம் வந்து 640 ஏக்கர் அவர் பெயருக்கு ஆனது. ஓட்டுரிமை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

இதில் ஒன்று மனதை அறுக்கிறது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 1854 டிசம்பர் 26-இல், அமெரிக்க அரசோடு செய்த மெடிசின் க்ரீக் ஒப்பந்தத்தில், இங்கத்திய பூர்வகுடிகளான நிஸ்குவாலி மக்கள் இந்த நிலங்களை எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. புஷ் குடும்பம் அவர்களோடு நல்ல உறவு வைத்திருந்தது, நோய் பரவியபோது பார்த்துக்கொண்டது என்று படிக்கிறேன். சரி, ஆனாலும் நிலம் முதலில் யாருடையது என்பதையும் இந்தக் கல்லுக்கு முன்னால் நின்று நினைக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

புஷ் இறந்தது 1863-இல், இதே தேதியில். காலையிலேயே போய்விட்டேன். கல்லைச் சுற்றிக் கிடந்த ஊசியிலைகளை மட்டும் கையால் ஒதுக்கிவிட்டு, கொண்டுபோன பூவை வைத்தேன். அவர் மூத்த மகன் வில்லியம் ஓவன் புஷ், இதே பண்ணையில் விளைந்த கோதுமையை 1876-இல் பிலடெல்பியா கண்காட்சிக்குக் கொண்டுபோய்ப் பரிசு வாங்கினார், 1889-இல் மாநிலத்தின் முதல் சட்டமன்றத்தில் உட்கார்ந்தார். அப்பாவுக்கு ஓட்டே கிடையாது, மகன் சட்டம் இயற்றுகிறார். இன்று புல்மனில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வித்திட்ட மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

மதியம் ஒலிம்பியாவில் சட்டமன்ற வளாகத்துக்குப் போனேன். மிசௌரியிலிருந்து கொண்டுவந்த கொட்டையை நட்டு புஷ் குடும்பம் பண்ணையில் வளர்த்த பட்டர்நட் (வால்நட் வகை) மரத்தின் கன்று ஒன்று அங்கே நிற்கிறது, பக்கத்தில் 2021-இல் வைத்த நினைவுச்சின்னம். மரம் இன்னும் துளிர்க்கவில்லை. கிளை நுனிகளில் மொட்டு மட்டும், தொட்டால் வெல்வெட் மாதிரி. மே மாதம் இலை விட்டதும் வந்து பார்க்க வேண்டும்.