மொரீஷியஸுக்கு ரிசார்ட் பிடித்த கதை

அப்பளத் தொழிலில் இருப்பவர்களுக்கு வெயில் போனால்தான் லீவு. மாசி தொடங்கி ஆவணி வரை களத்தை விட்டு நகர முடியாது. புரட்டாசியில் தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிக்கும். தீபாவளி முடிந்து மதுரையில் மழை பிடித்துக்கொண்டால் களத்தில் போட்ட அப்பளம் காயாது, ஓரம் வளைந்து நிற்கும். டிரையருக்குத் தாங்குகிற அளவு மட்டும் மாவு பிசைந்துவிட்டு, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அதனால் வீட்டுக்காரருக்கு அறுபது முடிகிறது, நீங்கள் இரண்டு பேரும் ஏதாவது ஒரு நல்ல தீவுக்குப் போய் வாருங்கள் என்று பிள்ளைகள் பேச்செடுத்தபோது, எங்கே என்பதற்கு முன்னாலேயே எப்போது என்பது முடிவாகிவிட்டது. 2025 நவம்பர் நடுவில்.

ரிசார்ட் தேடுகிறவர்கள் பெரும்பாலும் போட்டோவில் தொடங்குகிறார்கள். மாதத்தில் தொடங்கினால் வேலை பாதி குறையும். நவம்பரில் தாய்லாந்தின் கோ சாமுயில் மழை உச்சத்தில் இருக்கும். அந்தமானையும் நம்ப முடியாது. மழைக்காக வேலையை நிறுத்திவிட்டு, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி இன்னொரு மழைக்குள் போய் உட்காருவானேன்?

மகள் முதலில் அனுப்பியது போரா போரா. பச்சைத் தண்ணீருக்கு மேல் ஓலைக் குடிசை, தரையில் கண்ணாடி, அதற்குக் கீழே மீன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தெற்குப் பசிபிக்கில் இருக்கிறது. மணி நமக்குப் பதினைந்தரை மணி நேரம் பின்னால். பிரெஞ்சு நிலம் என்பதால் விசா வேண்டும். ஐரோப்பாவுக்கு எடுக்கும் ஷெங்கன் விசா அங்கே செல்லாது, தனியாக எடுக்கணும். லாஸ் ஏஞ்சல்ஸ் வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா. இத்தனையும் தாண்டி தலைநகர் பப்பேத்தேயில் இறங்கி, உள்ளூர் விமானம் பிடித்து, அங்கிருந்து படகு. போரா போரா விமான நிலையமே ஒரு குட்டித் தீவில்தான் இருக்கிறதாம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கர்கள் போட்ட ஓடுதளம். "போய்ச் சேரும்போது எனக்கு அறுபத்தொன்று ஆகிவிடும்" என்றார் வீட்டுக்காரர். விஷயம் அதோடு முடிந்தது.

மாலத்தீவுதான் எல்லாரும் சொன்னது. மதுரையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மாலே, அவ்வளவுதான் தூரம். முப்பது நாளுக்கு இலவச விசா. இங்கேதான் என் வியாபாரப் புத்தி விழித்துக்கொண்டது. ஏஜென்ட் அனுப்பிய தாளில் அறை வாடகை ஒன்று. அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம், ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. பிறகு ரிசார்ட்டுக்குப் போகும் கடல் விமானத்துக்குத் தனிக் கட்டணம். அது நம் ஊரிலிருந்து மாலே போய்வரும் டிக்கெட்டை விட அதிகம். அந்த விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் மாலேயில் இறங்கினால் ராத்திரி அங்கேயே ஓட்டல் எடுத்துத் தங்கணும், அதுவும் நம் கணக்கில்.

பணத்தைக்கூட விடுங்கள். ஒரு தீவில் ஒரு ரிசார்ட் என்பதுதான் மாலத்தீவின் ஏற்பாடு. இவர் விடிகாலையில் எழுந்து வைகைக் கரையில் ஒரு நடை நடந்து, டீக்கடையில் பேப்பர் படித்து, யாரோடாவது அரசியல் பேசிவிட்டு வீடு வருகிறவர். கால் மணி நேரத்தில் சுற்றி முடிகிற தீவில் அவரை விட்டால் இரண்டாம் நாளே ரிசப்ஷனில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். புது ஜோடிகளுக்கு அந்தத் தனிமை சரி. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு வெளியே போக ஒரு ரோடு வேண்டும்.

அப்படித்தான் மொரீஷியஸ் வந்தது. ஆடம்பர ரிசார்ட்டும் உண்டு, ரோடும் உண்டு, கோயிலும் உண்டு. முக்கியமாக, இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, கைச்செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம், இணையத்தில் நிரப்பும் ஒரு படிவம், அவ்வளவுதான். மும்பையிலிருந்து விமானம் ஆறரை மணி நேரம் போல. மணி நமக்கு ஒன்றரை மணி நேரம்தான் பின்னால், தூக்கம் கெடாது. இவரைச் சாய்த்தது இதெல்லாம் இல்லை. தலைநகர் போர்ட் லூயிஸில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது என்று மகன் போனில் காட்டினான். அதன்பிறகு இவர் வேறு தீவின் படத்தைப் பார்க்கவே இல்லை.

தீவு முடிவானதும் எந்தக் கரை என்ற கேள்வி. இதை யாரும் கேட்பதில்லை, ஏஜென்ட்டும் தானாகச் சொல்வதில்லை. மொரீஷியஸில் காற்று தென்கிழக்கிலிருந்து வீசும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவர்களுக்குக் குளிர்காலம். அப்போது கிழக்குக் கரையில் காற்று பலமாக அடிக்கும், மேற்குக் கரை ஒதுங்கி அமைதியாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் காற்று தணிந்து, வெயில் ஏறி, தண்ணீர் வெதுவெதுப்பாகும். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயம். ஆக நாங்கள் போகும் நேரம் நல்ல நேரம், எந்தக் கரையும் பரவாயில்லை. ஜூலையில் போகிறவர்கள் கிழக்கில் பெல் மாரில் அறை போட்டுவிட்டு, காற்று ஏன் இப்படித் தள்ளுகிறது என்று ஓட்டல்காரரிடம் சண்டை போடக்கூடாது.

வெயில் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். நவம்பர் மூன்றாம் வாரத்தில் அங்கே உச்சிச் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கும். தீவு தெற்கு அட்சரேகை இருபதில் இருக்கிறது, சூரியனும் அந்த வாரம் அங்கேதான். நம் ஊரில் அதே வாரம் மதியம்கூட நிழல் கொஞ்சம் சாய்ந்து விழும். "பீச்சில் நாள் பூரா படுத்துக் கிடக்கலாம்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாமல், மரம் இருக்கும் கரையா என்று கேட்டேன். வாசலில் சவுக்கு மர நிழல் உள்ள ரிசார்ட்டாக ஒன்று கிடைத்தது. சூரியன் ஐந்தரைக்கெல்லாம் உதித்துவிடும் என்பது இவர் நடைக்கு வசதி. அங்கே கடற்கரை அரசுடையது, ரிசார்ட்டுக்குச் சொந்தமில்லை. அலை ஏறும் எல்லை வரை யாரும் நடக்கலாம். தனிக் கடற்கரை என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மேற்கா வடக்கா என்று நாங்கள் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட நேரமும் இருந்தது. எனக்குத் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் மலை அடிவாரம் வேண்டும். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மலையும் கடலும் ஒரே சன்னலில் தெரியும். அவருக்குக் கோயிலும் கடைத்தெருவும் பக்கத்தில் இருக்கிற வடக்கு. கடைசியில் லெ மோர்ன் பக்கம் ரிசார்ட், போர்ட் லூயிஸுக்கு ஒரு முழு நாள் கார் என்று ராசியானோம். அன்றைக்கே ஆப்ரவாசி காட் என்ற பழைய படித்துறையையும் பார்க்கணும். 1834-இலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள் இறங்கிய இடம் அது. இந்தியாவிலிருந்து கிட்டத்தட்ட நாலரை லட்சம் பேர் வந்திருக்கிறார்கள், மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களும் அதில் உண்டு. நாங்கள் அதே தீவுக்கு நீச்சல் குளத்தோடு அறை போட்டுப் போகிறோம் என்பதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. போகாமல் இருக்கப்போவதில்லை.

அப்புறம் சாப்பாடு. இங்கேதான் அதிகம் பேரம் நடந்தது. ஹாஃப் போர்டு என்றால் காலையும் இரவும். ஃபுல் போர்டு என்றால் மூன்று வேளை. ஆல் இன்க்ளூசிவ் என்றால் குடியும் சேர்ந்தது. ஏஜென்ட் ஆல் இன்க்ளூசிவைத்தான் தள்ளினார். நாங்கள் இரண்டு பேரும் மோருக்கு மேல் எதுவும் குடிக்காதவர்கள். பக்கத்து மேசைக்காரர் வைனுக்கு நான் ஏன் மொய் எழுதணும்? ஹாஃப் போர்டு எடுத்தேன். எடுப்பதற்கு முன் ரிசார்ட்டுக்கே நேராக மெயில் போட்டுச் சில கேள்விகள் கேட்டேன். சொன்ன விலையில் 15 சதவீத வாட் சேர்ந்திருக்கிறதா? ராத்திரிச் சாப்பாட்டோடு தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசா? அறையில் கெட்டில் உண்டா? சனிக்கிழமை இவர் சைவம், முட்டைகூட ஆகாது, அன்றைக்கு என்ன போடுவீர்கள்? ஒவ்வொன்றுக்கும் தெளிவாகப் பதில் வந்தது. சைவச் சாப்பாட்டுக்கு ஒரு சமையல்காரர் பெயரையே போட்டு எழுதியிருந்தார்கள். பெயரின் கடைசியில் பிள்ளை. இன்னொரு ரிசார்ட்டுக்கும் இதே மெயிலை அனுப்பியிருந்தேன். அங்கிருந்து ஒரு வாரம் கழித்து விலைப்பட்டியல் மட்டும் வந்தது. வாடகை அங்கே குறைவுதான், ஆனாலும் அதை விட்டுவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போவதாகத் திட்டம். கடலைப்பருப்பை அரைத்து உள்ளே வைத்த டால் பூரி, காரப் பருப்பு வடை எல்லாம் அங்கே தெருவில் விற்கிறார்கள். வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிற விருந்தும் தமிழர்களிடம் உண்டாம். தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. அந்த நாட்டு ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-இல் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்த நோட்டுகள் பெரிய எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டன. மகன் இதைச் சொன்னதும் இவர் அந்த நோட்டு ஒன்று கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

சலுகை விஷயம் ஒன்று உண்டு. மொரீஷியஸ் ரிசார்ட்டுகளில் தேன்நிலவுக்கும் திருமண நாளுக்கும் விலை குறைப்பது வழக்கம். எங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்டேன். திருமணச் சான்றிதழ் நகல் அனுப்புங்கள் என்றார்கள். எங்கள் கல்யாணம் 1993-இல் திருப்பரங்குன்றத்தில். கையில் இருப்பது கோயில் ரசீது மட்டும்: மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, என் மாமியார் செல்லோடேப் ஒட்டி வைத்தது. டேப்பும் பழுப்பேறி, அதற்கு அடியில் மாப்பிள்ளை பெயரில் பாதி எழுத்துதான் தெரிகிறது. அதை ஸ்கேன் செய்து, மகள் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி அனுப்பினாள். ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது: வாழ்த்துகள், ஆனால் சலுகை இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து போன்ற வருஷங்களுக்கு மட்டும். எங்களுக்கு முப்பத்திரண்டு. அதே மெயிலில், அறுபதாம் பிறந்தநாள் என்பதால் கடற்கரையில் மறுபடி ஒரு திருமணம் நடத்தித் தரலாம் என்று வெள்ளைத் துணிப் பந்தல், பூ, போட்டோகிராபர் சேர்த்து யூரோவில் ஒரு விலை. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த விலையை இரண்டு தடவை படித்தார். "தாலி கட்டுவதெல்லாம் திருக்கடையூரில்தான். அங்கே ஐயர் யூரோ கேட்க மாட்டார்" என்றார்.

டிக்கெட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். மதுரை–மும்பை ஒரு டிக்கெட், மும்பை–மொரீஷியஸ் வேறு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிச்சமாகும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் கேட்க நாதியில்லை. பெட்டியையும் மும்பையில் எடுத்து மறுபடி போடணும், டெர்மினலும் மாறவேண்டி வரலாம். மழை மாதத்தில் அந்த சூதாட்டம் வேண்டாம் என்று ஒரே டிக்கெட்டாக எடுத்தோம்.

பணம் கட்டும்போது ஏஜென்ட் 5 சதவீதம் டிசிஎஸ் (விற்கிறவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்தார். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 2025-இல் 10 லட்சம் வரை 5, அதற்கு மேல் 20 என்று இருந்தது. கூடுதல் செலவு என்று பலர் வயிறு எரிகிறார்கள். அது வருமான வரிக்கு முன்பணம்தான். ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். யார் பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். வரி கட்டுகிறவர் பெயரில் இருந்தால் கணக்கு சுலபம். என் பெயரில்தான் கம்பெனி, அதனால் என் பான்.

இப்போது நாத்தனார் ஃபோன் போட்டு, "மதினி, நாங்களும் வந்தா என்ன?" என்கிறார். அறை இரண்டு பேருக்கு மட்டும், உங்களுக்குத் தனி அறைதான் போடணும் என்று விலையையும் சொன்னேன். அசரவில்லை. மீதிப் பணம் கட்டக் கெடு அக்டோபர் பத்து. நாத்தனார் கணவர் பாஸ்போர்ட் காலாவதியாகி ரெண்டு வருஷம் ஆகிறது, அதை அவர்கள் வீட்டில் இன்னும் யாரும் கவனிக்கவில்லை. நானாக ஞாபகப்படுத்தப் போவதில்லை.