10% என்பது சராசரிதான்

உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு 10% ஆற்றல் போகும் என்று படித்திருப்போம். 1942இல் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டெமன் ஏரி ஒன்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கணக்கு இது. ஆனால் இது மாறாத விதி அல்ல. பெரும்பாலும் 5 முதல் 20% வரை மாறும்.

மீதி எங்கே போகிறது? ஒரு பகுதி தின்னப்படாமலே உதிர்ந்து மட்குகிறது. தின்றதிலும் செரிக்காதது சாணமாக வெளியேறும். செரித்ததில் பெரும்பகுதி சுவாசத்தில் வெப்பமாகிவிடும். வித்தியாசம் பெரிதாகத் தெரிவது இங்கேதான்: உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் பாலூட்டியும் பறவையும் செரித்த ஆற்றலில் 1 முதல் 3% மட்டுமே உடலாக்குகின்றன. பூச்சிகள் பலவற்றில் அது 40% வரை போகும்!

காட்டில் இலைகளில் பெரும்பங்கு மான் வாய்க்குப் போவதில்லை. உதிர்ந்த இலைகளை மட்க வைக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அங்கே அதிகம் உண்பவை. பாடப் படங்களில் அவற்றை ஓரத்தில் ஒதுக்குவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இன்னொரு குழப்பம்: கடலில் சில இடங்களில் மிதவைத் தாவரங்களைவிட (நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகள்) அவற்றைத் தின்னும் உயிர்களின் எடை அதிகம். தாவரங்கள் சில நாட்களிலேயே பெருகித் தின்னப்படுவதால், ஒவ்வொரு படியின் எடையையும் கீழிருந்து மேலாக அடுக்கிக் காட்டும் எடைப் பிரமிடு தலைகீழாகலாம். ஒவ்வொரு படியிலும் பாயும் ஆற்றலைக் காட்டும் ஆற்றல் பிரமிடு ஒருபோதும் அப்படி ஆகாது. நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள் மட்கித் திரும்பவும் தாவரங்களுக்குச் சுற்றி வரும். ஆனால் வெப்பமாகிப் போன ஆற்றலை எந்தத் தாவரமும் திரும்பப் பிடிக்க முடியாது.