வாடகைக்கு விட ஒரு வீடு: வேலூரில் எட்டு மாத அலைச்சல்

தோட்டப்பாளையத்துப் பச்சைக் கேட் வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் முடிந்த பிறகும் எனக்கு மனம் ஆறாமல் இருப்பது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் வேலூரில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்திருந்தேன். குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறினால் போய் வந்துவிடலாம். அந்தப் பச்சைக் கேட் வீட்டிலிருந்து சி.எம்.சி. மருத்துவமனைக்கு நடந்தே போகலாம். அண்ணன் தம்பி மூன்று பேர் விற்கிறார்கள், அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழில் ஒரு வரிகூடத் தவறாக இல்லை. வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. வாரிசுச் சான்றிதழை மட்டும் தரகர் "நாளைக்கு, நாளைக்கு" என்று தள்ளிக்கொண்டே வந்தார். வியாழக்கிழமை மாலை அது வந்தது. அதில் நான்கு பெயர்கள் இருந்தன.

நான்காவது பெயர் சித்தூரில் கட்டிக்கொடுத்த தங்கையுடையது. "அந்த அம்மாவுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாகிவிட்டது டீச்சர், கேட்க மாட்டார்" என்றார் தரகர். அந்தத் தங்கையின் எண்ணை வாங்கி நானே பேசினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "அப்பா வீட்டை விற்கிறார்களா?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. சீர் செய்ததைச் சொல்லி அதை அழிக்க முடியாது. அவர் கையெழுத்து இல்லாமல் நான் வாங்கியிருந்தால் என்றைக்காவது வழக்கு வந்திருக்கும். வராமல் போயிருந்தாலும் அந்த வாடகை எனக்குச் செரித்திருக்காது.

வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதோடு நிம்மதி அடையாதீர்கள். பதிவான பத்திரங்கள்தான் அதில் தெரியும். பதிவாகாத உயிலோ, கையெழுத்துப் போடாத மகளோ அதில் தெரிய மாட்டார்கள். தாய்ப்பத்திரம் என்கிற பழைய மூலப் பத்திரத்திலிருந்து வரிசையாகப் பார்த்து, இறந்தவர் ஒவ்வொருவருக்கும் வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள். தருவதற்குத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம்.

இடம் தேடியதில் நான் செய்த முதல் தவறு, வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடியது. காட்பாடியில் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் மாணவர்கள், வீடு காலியாகவே இருக்காது என்றார்கள். நான் போனது ஜூன் மாதம். திருவலம் சாலைப் பக்கம் இரண்டு தெரு நடந்ததற்குள் 'வாடகைக்கு விடப்படும்' பலகைகளை ஒன்பது எண்ணினேன். விடுதியில் இடம் கிடைத்ததும் மாணவர்கள் போய்விடுகிறார்கள், விடுமுறை வந்தால் காலி செய்துவிட்டு அடுத்த பருவத்துக்கு வேறு வீடு பார்க்கிறார்கள் என்று ஒரு மளிகைக் கடைக்காரர் சொன்னார். அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு அது சரிப்படலாம். மாதாமாதம் வாடகையை நம்பியிருக்கும் என் போன்றவளுக்குச் சரிப்படாது.

மருத்துவமனையைச் சுற்றி வேறு விதமான சிக்கல். அங்கே குடியிருக்க வருபவர்களைவிடத் தங்க வருபவர்கள்தான் அதிகம். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று நோயாளிகள் குடும்பத்தோடு வந்து பத்து நாள், ஒரு மாதம் தங்குகிறார்கள். கடைப் பலகைகளில்கூட வங்காள எழுத்துதான். வருமானம் உண்டு, ஆனால் அது லாட்ஜ் நடத்துகிற வேலை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கு வீடு லாட்ஜ் என்ற வேறுபாடு கிடையாது. இதை எனக்கு எந்தத் தரகரும் சொல்லவில்லை.

கன்சால்பேட்டையில் ஒரு வீடு சந்தை விலையைவிட நான்கு லட்சம் குறைவாக வந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். உள்ளே குற்றம் சொல்ல எதுவுமில்லை. வெளியே வந்து பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தேன். என் இடுப்பு உயரத்தில் நேர்கோடு போட்டாற்போல் ஒரு கறை, அதற்குக் கீழே பூச்சு உப்பிப்போய், விரல் வைத்ததும் உதிர்ந்தது. வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, "அதுவா? 2021 மழையில் நிக்கல்சன் கால்வாய்த் தண்ணீர் நின்ற இடம். கட்டிலைப் பரண்மேல் ஏற்றினோம்" என்றார். அந்த நவம்பரில்தான் எப்போதும் மணலாகக் கிடக்கும் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. விற்கிற வீட்டுக்குத்தான் வெள்ளை அடிப்பார்கள். அக்கம்பக்கத்துச் சுவர்களைப் பாருங்கள்.

சத்துவாச்சாரியில் பார்த்த மாடி வீட்டுக்கு நல்ல வேளையாக இரண்டாவது முறை இரவு எட்டு மணிக்குப் போனேன். ஆகஸ்டு மாதம், வெயில் போய் இரண்டு மணி நேரம் ஆகியும் கூரைக்குக் கீழ்ச் சுவர் இட்லிப் பானையைத் தொட்டதுபோல் இருந்தது. மேலே வெயிலைத் தடுக்கும் தட்டோடு பதிக்கவில்லை, நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அக்கினி நட்சத்திரத்தில் அந்த வீட்டில் யார் குடியிருப்பார்கள்? வேலூரில் மேல் மாடி வாங்குவதாக இருந்தால் காலையில் போய்ப் பார்க்காதீர்கள்.

ரத்தினகிரிப் பக்கம் மனை வாங்கச் சொல்லியும் ஒருவர் விடவே இல்லை. 2022 இல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு அந்த நெடுஞ்சாலை ஓரமெல்லாம் மனைப் பலகைகள்தான். விலை ஏறலாம். ஆனால் மனை வாடகை தராது, எனக்கு வயது அறுபத்தொன்று.

கடைசியில் எனக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்தது பாகாயம் பஸ் நிறுத்தம். தரகர் யாரும் இல்லாமல் மூன்று நாள் அதிகாலையில் போய் அங்கே உட்கார்ந்தேன். காட்பாடிக்குப் போகிற டவுன் பஸ்ஸில் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தேன். சாப்பாட்டுப் பையோடு செவிலியர்கள், ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள், பிள்ளையைக் கூட்டிவந்து பள்ளி வேனில் ஏற்றிவிட்டு அதே பஸ்ஸில் தொற்றிக்கொள்ளும் அம்மாக்கள். மருத்துவக் கல்லூரி வளாகமும் அங்கேயே இருக்கிறது. மூன்றாம் நாள் ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். "வீடு இருந்தால் சொல்லுங்கள் அம்மா, தண்ணீர் மட்டும் ஒழுங்காக வர வேண்டும்" என்றாள். அன்றைக்கே தேடல் பாகாயம், ஓட்டேரிக்குள் சுருங்கியது. அடுத்த ஐந்து வாரத்தில் கீழ்த்தளம் மட்டும் உள்ள தனி வீடு, 40 லட்சம், காவிரிக் குடிநீர் இணைப்பு, கிணறு. வழக்கறிஞர் பார்த்தார், பத்திரம் பதிவானது.

பதிவுச் செலவில் ஓர் எச்சரிக்கை. பெண் பெயரில் வாங்கினால் ஒரு சதவீதம் குறையும் என்று தரகர் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குத்தான். எனக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 3 லட்சத்து 60 ஆயிரம் முழுதாகப் போனது. வாடகை மாதம் 12,000. செலவோடு சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். வங்கி வைப்புநிதி இதைப்போல இரண்டு மடங்கு தரும். நிலத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கை இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

பட்டாவுக்காக நான் ஏறி இறங்கிய அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நான் வாங்கிய இடம் பெரிய புல எண்ணில் (நில அளவை எண்ணில்) ஒரு பகுதி என்பதால் அதைத் தனியாக அளந்து உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தது. முதல் நாள், பழைய வரி ரசீது இல்லை என்று திருப்பி அனுப்பினார் கவுன்ட்டரில் இருந்தவர். இரண்டாம் முறை, நில அளவை வரைபடமான புலப்படத்தின் நகல் எங்கே என்றார். மூன்றாம் முறை நில அளவர் விடுப்பு. நான்காம் முறை மறுபடியும் வேறு ஒரு தாளைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்து, "என்னென்ன வேண்டும் என்று மொத்தமாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வையுங்கள் தம்பி, எத்தனை நாள் ஆனாலும் கொண்டுவருகிறேன்" என்றேன். அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதவில்லை. என் கோப்பை வாங்கி உள்ளே கொண்டுபோனார். அடுத்த வாரம் நில அளவர் வந்து கல் நட்டார்.

பாகாயம் பஸ் நிறுத்தத்தில் பேசிய அந்தப் பெண்தான் இப்போது குடியிருக்கிறாள், கணவனும் ஒரு குழந்தையும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிட்டோம். 2019 முதல் நடப்பில் இருக்கும் சட்டம் அதைக் கேட்கிறது, பலர் செய்வதில்லை. மின் இணைப்புப் பெயர் மாற்றம் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை போகிறேன். வெள்ளைத் தாள் பையில் இருக்கிறது.