மூங்கில் பூத்துவிட்டது

தோட்டத்து மூலையில் 11 வருஷமாக நிற்கும் மூங்கில் இந்த முறை இலை விடவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் கணுவுக்குக் கணு வைக்கோல் நிறத்தில் கொத்துகள். அதிலிருந்து மஞ்சள் மகரந்தப் பைகள் நூலில் கட்டியதுபோல் தொங்குகின்றன. இதழும் இல்லை, வாசனையும் இல்லை. மூங்கில் புல் இனம்தானே, மகரந்தத்தைக் காற்று கொண்டுபோய்விடும். வண்டை மயக்க அலங்காரம் எதற்கு?

தண்ணீர் விட்டது போதவில்லையோ என்று முதலில் என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது, கடிகாரம் செடிக்குள்ளேயே இருக்கிறது. மெலோகன்னா என்ற மூங்கில் வகை பூக்கச் சுமார் 48 வருஷம் ஆகும், ஜப்பானின் மடாக்கே மூங்கிலுக்குச் சுமார் 120. கிழங்கைப் பிரித்து நட்டாலும் தாய்ப்புதரின் வயதுதான் தொடரும். 11 என்பது என் கணக்கு, அதன் கணக்கு வேறு. எனக்குக் கிழங்கு கொடுத்த நண்பரின் புதரும் இப்போது பூத்து நிற்கிறது!

சரி, பூத்த மூங்கில் பிழைக்குமா? ஒன்றிரண்டு கழிகள் மட்டும் பூத்தால் நம்பிக்கை உண்டு. வேர்க்கிழங்கு ஓடிப் பரவும் வகைகள் சில வருஷம் நோஞ்சானாகக் கிடந்து மீண்டும் துளிர்ப்பதும் உண்டு. என்னுடையது புதராக வளரும் வகை, முழுசாகப் பூத்திருக்கிறது. இருந்த சத்தையெல்லாம் விதைக்குக் கொடுத்துவிட்டால் இவை பெரும்பாலும் காய்ந்துவிடும். மனசு கேட்காமல் நான்கு கழிகளை வெட்டிப் பார்த்தேன். வெட்டிய இடத்தில் வந்த துளிரும் பூவாகவே வந்தது.

விதை நெல்மணி மாதிரிதான் இருக்கிறது. முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும் என்பதால் நேற்றே இரண்டு தட்டில் விதைத்துவிட்டேன்.