மறைக்கல்வி அறைக்குப் பனையோலைப் பெட்டி விளக்குகள்

வன்னியில் பனையோலைப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளின் மறைக்கல்வி அறைக்கு அதைவிட அழகான மலிவு விளக்குக்கூடு வேறில்லை. ஆறு பெட்டி, 12 வோல்ற் எல்.ஈ.டி. பட்டி 5 மீற்றர், 3 அம்பியர் அடப்டர் ஒன்று போதும். மீற்றருக்கு 4.8 வாற்று பட்டி மொத்தம் 2 அம்பியர் இழுக்கும். மிச்சம் இருந்தால்தான் அடப்டர் கொதிக்காது.

பெட்டிக்கு 80 சென்ரிமீற்றர் வீதம் பட்டியை வெட்டி, உள்விளிம்பைச் சுற்றி வையுங்கள். நினைத்த இடத்தில் வெட்டக்கூடாது. மூன்று குமிழுக்கு ஒருமுறை செப்புப் புள்ளிகளின் நடுவே கோடு இருக்கும், அதிலேதான் வெட்டவேண்டும். தவறினால் அந்த மூன்றும் எரியாது. வயரை நேர், எதிர் பார்த்து ஈயம் வைத்து ஒட்டுங்கள். ஆறையும் ஒரே தொடராக நீட்டினால் கடைசிப் பெட்டி மங்கும். அடப்டரிலிருந்தே மூன்று மூன்றாக இரண்டு வரிசை பிரியுங்கள்.

நெருக்கமாக இழைத்த பெட்டி வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஐதாக இழைக்கச் சொல்லி வாங்குங்கள். சுவரில் விழும் நிழற்கோலத்தைப் பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள்.

தகரக்கூரை வெக்கையில் பட்டியின் பசை இளகும், நைலோன் நூலால் கட்டுங்கள். பழைய இழைக்குமிழை ஓலைக்குள் வைக்கவே வேண்டாம், தீப்பிடிக்கும். 230 வோல்ற் வருவது அடப்டருக்கு மட்டுந்தான். அதைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் பொருத்துங்கள்.