மூன்று வருடம் ஒரு கல்லூரி, இரண்டு வருடம் இன்னொன்று

ஒஹாயோ மாநிலத்தில் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னக் கல்லூரியில் 2014 ஆகஸ்டில் சேர்ந்தேன். மொத்தமே 2000-க்கும் குறைவான மாணவர்கள். அங்கே பொறியியல் துறையே கிடையாது. ஆனால் நான் பொறியியல் படிக்கத்தான் அங்கே போனேன்.

அமெரிக்காவில் இதற்கு ‘த்ரீ-டூ’ என்று பெயர். மூன்று வருடம் சின்னக் கல்லூரியில் இயற்பியலோ கணிதமோ முதன்மைப் பாடமாக எடுத்து, கூடவே வரலாறு, தத்துவம், இலக்கியம் எல்லாம் படிக்க வேண்டும். அப்புறம் அந்தக் கல்லூரியோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒரு பொறியியல் பள்ளிக்குப் போய் இரண்டு வருடம். முடிவில் முதல் கல்லூரியிலிருந்து பி.ஏ., இரண்டாவதிலிருந்து பெரும்பாலும் பி.எஸ். என்று இரண்டு பட்டம். கொலம்பியா, டார்ட்மவுத், செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம் என்று பல இடங்களில் இப்படிச் சேர வழி இருந்தது. டார்ட்மவுத்தில் மட்டும் கணக்கு வேறு: பொதுவாக மூன்றாம் வருடம் அங்கே போய், நான்காம் வருடம் பழைய கல்லூரிக்குத் திரும்பி, ஐந்தாம் வருடம் மறுபடி அங்கே போக வேண்டும்.

நான் இந்த வழிக்கு வந்ததற்குப் பணம்தான் காரணம். அமெரிக்காவின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு இளநிலை மாணவர்களுக்குப் பெரிதாக உதவித்தொகை தருவதில்லை. சில சின்னக் கல்லூரிகள் தருகின்றன. எனக்கு ஒன்று தந்தது. அப்பா கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவர். அந்த உதவி இல்லாமல் விமானமே ஏறியிருக்க மாட்டேன்.

முதல் வாரத்திலேயே ஒரு தவறு நடக்க இருந்தது. எனக்கு ஒதுக்கப்பட்ட ஆலோசகர், “எழுத்துப் பயிற்சி வகுப்பும் இயற்பியலும் போதும், கால்குலஸை அடுத்த செமஸ்டரில் எடுத்துக்கொள்” என்றார். புதிதாக வந்த பையன் திணறக் கூடாது என்ற அக்கறையில்தான் சொன்னார். அன்று இரவு சாப்பாட்டுக் கூடத்தில், த்ரீ-டூவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மூன்றாம் வருட மாணவி ஒருவர் என் பாடப் பட்டியலைப் பார்த்துவிட்டு, “டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் எப்போது நடக்கும் என்று பார்த்தாயா?” என்று கேட்டார். பார்க்கவில்லை. பொறியியல் பள்ளி கேட்கும் கணிதப் பாடங்களில் அதுவும் ஒன்று. சின்னக் கல்லூரியில் கணிதத் துறைக்கு ஆறேழு பேராசிரியர்கள்தான். எல்லாப் பாடமும் எல்லா வருடமும் நடக்காது. அந்தப் பாடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, வசந்த செமஸ்டரில் மட்டும். என் மூன்று வருடத்தில் அது 2016 வசந்தத்தில் ஒரே ஒரு முறை வரும். அதற்குள் கால்குலஸின் மூன்று பகுதிகளையும் முடித்திருக்க வேண்டும். அதாவது முதல் செமஸ்டரிலிருந்து ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து எடுக்க வேண்டும். ஒரு செமஸ்டர் தள்ளிப்போட்டால் அங்கேயே கதை முடிந்தது.

மறுநாள் காலையில் ஆலோசகரின் அறை வாசலில் நின்று பாடத்தை மாற்றிக்கொண்டேன். அன்றைக்கே எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டேன். ஆறு செமஸ்டர், ஆறு பத்தி. பொறியியல் பள்ளி கேட்கும் பாடங்கள் நீலம், பி.ஏ.வுக்கான இயற்பியல் பாடங்கள் பச்சை, கல்லூரியின் பொதுக் கட்டாயப் பாடங்கள் மஞ்சள். நான்கு வருடத்தில் மற்றவர்கள் செய்வதை மூன்றில் அடைக்க வேண்டும் என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. முதல் வருடம் என்னோடு சேர்த்து ஒன்பது பேர் த்ரீ-டூ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் போனது நானும் இன்னொருவரும்தான். மற்றவர்கள் யாரும் படிப்பில் குறைந்தவர்கள் இல்லை. பாதிப் பேரின் அட்டவணை எங்கோ ஒரு பாடத்தில் உடைந்துவிட்டது. மீதிப் பேருக்கு மூன்றாம் வருட முடிவில் நண்பர்களை விட்டுப் போக மனம் வரவில்லை.

ஸ்டாட்டிக்ஸ், அதாவது அசையாமல் நிற்கும் பொருள்கள் மீது செயல்படும் விசைகளைப் பற்றிய பாடம், எங்கள் கல்லூரியில் கிடையாது. அதைப் படிக்காமல் போனால் மெக்கானிக்கல் பிரிவில் முதல் செமஸ்டரிலேயே பின்தங்குவோம். இயற்பியல் பேராசிரியர் ஒருவரிடம் போய்க் கேட்டோம். தனக்கு அது பாடச் சுமையில் சேராது என்று தெரிந்தும், செவ்வாய்க்கிழமை மாலை தோறும் எங்கள் இருவருக்காக மட்டும் அந்தப் பாடத்தை எடுத்தார். பாலத்தின் சட்டகத்தை வரைந்து, ஒவ்வொரு மூட்டிலும் விசை எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று எங்களைப் பேச வைப்பார். பதில் சரியா தவறா என்பதைவிட, ஏன் அப்படி நினைத்தாய் என்றுதான் கேட்பார். அவ்வளவு அருகில் உட்கார்ந்து நான் அதற்கு முன்னும் படித்ததில்லை, பின்னும் படித்ததில்லை.

மூன்றாம் வருடம் விண்ணப்பம். நான் விண்ணப்பித்தபோது வாஷிங்டன் பல்கலைக்கழகம் மொத்த ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.25, கணித அறிவியல் பாடங்களில் தனியாக 3.25 கேட்டது. அது இருந்தது. இடமும் கிடைத்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பழைய கல்லூரியின் உதவித்தொகை நம்மோடு வராது. புது இடத்தில் என்ன தருகிறார்களோ அதுதான். இதை முதல் வருடமே யாராவது என்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். கையேட்டில் ஒரு வரியாக இருந்ததாம்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். “ஏங் கண்ணு, இப்ப மூணு வருசம் முடிச்சதுக்குக் கையில என்ன குடுப்பாங்க?” என்றார்.

“இப்ப ஒண்ணும் இல்லீங்கப்பா. அஞ்சு முடிஞ்சாத்தான் ரெண்டும் வரும்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “சரி, நானே பாங்குக்குப் போய்ட்டு வரேன்” என்றார்.

முதலில் வாங்கியிருந்த கல்விக் கடன் 7.5 லட்சத்துக்குள் இருந்ததால் சொத்து அடமானம் கேட்கவில்லை. இப்போது அதைத் தாண்டியதால் தாத்தா வீட்டின் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வக்கீலின் கருத்துரை எல்லாம் தேவைப்பட்டன. அதைவிடக் கஷ்டம், வங்கியில் புரிய வைப்பது. “பையன் பட்டம் வாங்காமலே காலேஜ் மாத்தறானே” என்று மேலாளர் திரும்பத் திரும்பக் கேட்டாராம். இரண்டு கல்லூரிகளிலிருந்தும், இது ஒரே திட்டம், மாணவர் இடையில் நிற்கவில்லை என்று கடிதம் வாங்கி அனுப்பினேன். கடன் ஒப்புதல் வர இரண்டு மாதம் ஆயிற்று. அது வந்தால்தான் புது ஐ-20, அதாவது மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம், வரும், பணத்துக்கு ஆதாரம் காட்டாமல் அது கிடைக்காது.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய கல்லூரி நம் செவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிய அமெரிக்க அரசின் கணினிப் பதிவு) புது இடத்துக்கு விடுவிக்கும் தேதியை நாமே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு பழைய வளாகத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை. எனக்கு ஜூலை முடிய அங்கே ஆய்வக வேலை இருந்தது, அதனால் ஆகஸ்ட் 1 என்று கொடுத்தேன். மே மாதம் என்று போட்டிருந்தால் அந்தக் கோடைச் சம்பளம் போயிருக்கும். அதேபோல, ஓபிடி, அதாவது படித்த துறையில் அமெரிக்காவில் வேலை செய்யத் தரும் அனுமதி, ஒரு பட்ட நிலைக்கு ஒரு முறைதான். இரண்டும் இளநிலைப் பட்டம் என்பதால் 12 மாதமும், அறிவியல், பொறியியல் போன்ற துறைகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பான 24 மாதமும் ஒரே தடவைதான் கிடைக்கும். பட்டம் இரண்டு என்றால் ஓபிடியும் இரண்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

செயின்ட் லூயிஸில் முதல் செமஸ்டர் கடுமையாக இருந்தது. மற்றவர்கள் இரண்டு வருடமாக ஒன்றாகப் படித்தவர்கள். ஆய்வகக் குழுக்கள் ஏற்கெனவே அமைந்திருந்தன. சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள் எல்லோருக்கும் கைவந்திருந்தது, நான் அதைத் திறந்ததே இல்லை. அக்டோபர் முழுக்க இரவு ஒரு மணி வரை கணினி அறையில் இருந்தேன். ஆனால் ஒரு பழக்கம் என்னோடு வந்திருந்தது. புரியாவிட்டால் பேராசிரியரின் அறைக்குப் போய்க் கேட்பது. எண்பது பேர் வகுப்பில் அப்படிப் போகிறவர்கள் நான்கைந்து பேர்தான். தெர்மோடைனமிக்ஸில் தேறியது அதனால்தான்.

2018 மே மாதம் பழைய கல்லூரியில் என் வகுப்புத் தோழர்களின் பட்டமளிப்பு. இரவுப் பேருந்தில் ஒஹாயோ போனேன். அவர்கள் அங்கியோடு புல்வெளியில் நடந்தார்கள், நான் பெற்றோர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடம் பக்கத்து அறையில் இருந்தவன் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்து தன் தொப்பியை என் தலையில் வைத்தான். அழுதுவிட்டேன். த்ரீ-டூவில் எனக்கு மிகவும் வலித்தது அந்த நாள்தான்.

எனக்கு 2019-இல் இரண்டு பட்டமும் வந்தன. அந்த வருடம்தான் எங்கள் பொறியியல் பள்ளிக்கு மெக்கெல்வி என்று பெயர் சூட்டினார்கள். இப்போது குழாய் வால்வுகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்பில் இருக்கிறேன்.

போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு மாணவி, இதே மாதிரி ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, சேரலாமா என்று கேட்டிருந்தார். என் பழைய எக்செல் தாளை அனுப்பினேன். நான்காவது, ஐந்தாவது வருடங்களுக்கான உதவித்தொகை பற்றி இரண்டு கல்லூரிகளிடமும் எழுத்தில் பதில் வாங்கிவிட்டு, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் எந்தெந்த வருடம் நடக்கிறது என்றும் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். மீதிக் கட்டங்களை இருவரும் சேர்ந்து நிரப்பப் போகிறோம்.